விஎஃப்டி போட்டும் பம்பின் சீல் எரிகிறது என்றால் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் எட்டு மாடித் தொடர்மாடி. நிலத்துக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி. அதன் மேல், கார் நிறுத்தும் தளத்தில், 4 கிலோவாட் செங்குத்துப் பம்ப் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விஎஃப்டி, அதாவது மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். மொட்டை மாடியில் தாங்கி இல்லை, பம்பிலிருந்து நேரே வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது. இரண்டு வருடத்துக்குள் மெக்கானிக்கல் சீல் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நீர்வெட்டு முடிந்த அடுத்த சில நாட்களில்தான் ஒழுக்குத் தெரிந்திருக்கிறது. "இவ்வளவு விலை கொடுத்து டிரைவ் வாங்கினோம், அது பம்பைப் பாதுகாக்காதா? சம்புக்குள் மிதவை சுவிட்ச் இருக்கிறது, அதுவும் போதவில்லையா? இன்னும் ஏதாவது வாங்கிப் பூட்ட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிதாகப் பெரிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. தண்ணீர் பம்புகளுக்கென்றே செய்யப்பட்ட டிரைவ்களில், உதாரணத்துக்கு டான்ஃபாஸின் அக்வா வரிசை, ஏபிபியின் தண்ணீர் வரிசை போன்றவற்றில், உங்களுக்குத் தேவையான பாதுகாப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை யாராவது இயக்கி, உங்கள் பம்பின் எண்களை அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போது இவற்றில் பெரும்பாலானவை ஓஃப் நிலையில்தான் இருக்கும். பூட்டியவர் அழுத்தத்தை 4.5 பாருக்கு வைத்து, பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். கொழும்பில் நான் திறந்து பார்க்கும் பேனல்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பம்பின் நிலைமையைச் செக்கனுக்குச் செக்கன் அளந்துகொண்டே இருக்கும் ஒரு கருவி பக்கத்திலேயே இருந்தும், என்ன கண்டால் நிறுத்த வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் உங்கள் சீலுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மெக்கானிக்கல் சீல் என்பது ஒன்றோடொன்று உரசிச் சுழலும் இரண்டு வழுவழுப்பான வளையங்கள். அவற்றுக்கு நடுவே மிக மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கிறது. எண்ணெய் போல வழுக்கிக் கொடுப்பதும் அதுதான், வெப்பத்தைக் கொண்டுபோவதும் அதுதான். தண்ணீர் இல்லாவிட்டால் வளையங்கள் உலர்ந்து உரசும், மிக விரைவில் சூடேறும், முகத்தில் வெடிப்பு விழும், ரப்பர் கருகும். செங்குத்துப் பம்பில் இன்னொரு சிக்கல்: உள்ளே அடுக்கடுக்காக உள்ள படிகளுக்கு (தண்ணீரைத் தள்ளும் சக்கரங்களான இம்பெல்லர்களுக்கு) இடையில் தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் வளையங்களும் தண்ணீரில்தான் வழுக்குகின்றன. ஆக டிரை ரன், அதாவது தண்ணீரில்லாமல் ஓடுவது, செய்யும் சேதம் சீலோடு நின்றுவிடுவதில்லை.

இப்போது உங்கள் கட்டடத்தில் நீர்வெட்டு இரவை நினைத்துப் பாருங்கள். கொழும்பு 6க்கு நீர்வெட்டு என்று அறிவித்தாகிவிட்டது, எல்லா வீட்டிலும் வாளி, பேசின் என்று நிரப்புகிறார்கள். சம்பின் மட்டம் வேகமாக இறங்குகிறது. உங்கள் பம்ப் சம்புக்கு மேலே இருப்பதால் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். மட்டம் உறிஞ்சு குழாயின் வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சுழல் விழுந்து காற்று உள்ளே போகிறது. மிதவை கொஞ்சம் தாழ்வாகக் கட்டப்பட்டிருந்தால் அது நிறுத்துவதற்கு முன்பே காற்று உள்ளே போய்விடும். சரி, பிறகு மிதவை பம்பை நிறுத்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதிகாலையில் தண்ணீர் வருகிறது, சம்ப் நிரம்புகிறது, மிதவை எழும்புகிறது, "ஓடலாம்" என்கிறது. பைப்பில் அழுத்தம் பூச்சியம் என்பதால் டிரைவ் பம்பை 50 ஹேர்ட்ஸுக்கு, அதாவது முழு வேகத்துக்கு, தூக்குகிறது. சம்ப் நிறையத் தண்ணீர், ஆனால் உறிஞ்சு குழாயிலும் பம்புக்குள்ளும் காற்று. பம்ப் எதையும் இழுக்காமல் முழு வேகத்தில் சும்மா ஓடுகிறது.

மிதவையைப் பொறுத்தவரை எல்லாம் சரிதான். சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், பம்புக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லக்கூடியது டிரைவ்தான். ஒழுக்கு எப்போதும் நீர்வெட்டுக்குப் பிறகுதான் தெரிகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது.

டிரைவ் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். "கரண்ட் குறைந்தால் நிறுத்து" என்று வைப்பது பழைய முறை. நேரடியாக 50 ஹேர்ட்ஸில் ஓடும் பம்புக்கு அது ஓரளவு வேலை செய்யும். வேகம் மாறும் பம்புக்குச் செய்யாது. மோட்டர் இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு காந்தப்புலத்தை உண்டாக்கப் போகிறது, இன்னொரு பங்குதான் தண்ணீரைத் தள்ளும் வேலைக்குப் போகிறது. காந்தத்துக்கான பங்கு தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அநேகமாக அப்படியே இருக்கும். உங்கள் 4 கிலோவாட் மோட்டருக்கு முழுச் சுமையில் கிட்டத்தட்ட 8 அம்பியர். ஆனால் உங்கள் பம்ப் பெரும்பாலான நேரம் 40, 42 ஹேர்ட்ஸில், பாதிச் சுமையில் ஓடுகிறது. அப்போது 5 அம்பியர் காட்டும். தண்ணீரே இல்லாமல் ஓடினாலும் 3, 4 அம்பியர் காட்டும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு கோடு போட்டு, அது எல்லா வேகத்துக்கும் சரியாக வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

வாட்டைப் பாருங்கள். அதே 42 ஹேர்ட்ஸில் வீடுகளில் தண்ணீர் பாவிக்கும்போது சுமார் 2 கிலோவாட் எடுக்கும் பம்ப், எல்லாக் குழாயும் மூடியிருந்தால் 1 கிலோவாட் பக்கம் எடுக்கும், உள்ளே காற்று மட்டும் இருந்தால் 300 வாட் கூட எடுக்காது. இந்த எண்கள் உங்கள் அளவுப் பம்புக்கு ஒரு மாதிரிதான், ஒவ்வொரு பம்புக்கும் வேறுபடும். ஆனால் மூன்று நிலையும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். கரண்டையும் வோல்ட்டையும் டிரைவ் தானே உண்டாக்கிக் கொடுப்பதால், உண்மையில் வேலைக்குப் போகும் வாட் எவ்வளவு என்று அதற்குத் தெரியும். தனியாக மீட்டர் எதுவும் பூட்டத் தேவையில்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேகம் குறையும்போது பம்ப் எடுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 50 ஹேர்ட்ஸில் எடுப்பதில் ஏறக்குறைய பாதியைத்தான் 40 ஹேர்ட்ஸில் எடுக்கும், 35 ஹேர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒரே ஒரு எண்ணை எல்லையாக வைத்தால், வேகம் குறைந்ததும் தேவையில்லாமல் பம்ப் நிற்கும். சனத்தின் முறைப்பாடு தாங்காமல் யாரோ அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடுவார்கள், அதோடு பாதுகாப்பும் போய்விடும். நல்ல டிரைவ்கள் இதற்காகத்தான் குறைந்தது இரண்டு வேகத்தில் அளவு கேட்கின்றன. அந்த இரண்டு புள்ளிகளைக் கொண்டு இடையில் உள்ள எல்லா வேகத்துக்கும் எல்லையைத் தானே கணித்துக்கொள்ளும்.

அளவு எடுப்பது இப்படித்தான். பம்ப் நன்றாக ஓடும் ஒரு நாளில், உறிஞ்சு பக்கம் முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது, வெளியே போகும் வால்வை மூடுங்கள். 30 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு தடவை, 45 பக்கம் ஒரு தடவை ஓடவிட்டு, டிரைவின் திரையில் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வால்வு மூடியபடி ஓடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகும். சில டிரைவ்களில் இதற்குத் தானியங்கி அமைப்பே உண்டு, வால்வை மூடிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் தானே இரண்டு வேகத்திலும் ஓடிப் பதிந்துகொள்ளும். அப்படி வந்த எண்கள்தான் "தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஓட்டம் இல்லை" என்ற நிலை. டிரை ரன் எல்லையை நான் அதில் பாதிக்கு வைப்பேன். காற்றில் ஓடும்போது வாட் அதற்கும் நன்றாகக் கீழே விழும் என்பதால் குழப்பம் வராது. பத்துச் செக்கன் தாமதம் கொடுத்தால் ஸ்டார்ட் ஆகும்போது வரும் தடுமாற்றத்துக்கு வீணாக நிற்காது.

இதைச் செய்வதற்கு முன் மோட்டரின் தகட்டில் உள்ள எண்கள் டிரைவுக்குள் சரியாக ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். 4 கிலோவாட் மோட்டருக்கு 5.5 கிலோவாட் டிரைவ் பூட்டி, மோட்டர் கரண்டை மாற்றாமல் விட்டிருந்தால், மோட்டர் சூடாவதைக் கணக்கிடும் பாதுகாப்பு 12 அம்பியரைச் சாதாரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மோட்டர் 8 அம்பியருக்குச் செய்யப்பட்டது. அந்த நிலையில் பேரிங் இறுகினாலும், இம்பெல்லரில் ஏதாவது சிக்கினாலும், டிரைவ் வாய் திறக்காது. வாட் கணக்கும் பிழைக்கும்.

அடுத்தது, நின்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது. டிரை ரன் பாதுகாப்பைச் சரியாக வைத்துவிட்டு, தானாக மறுபடி ஓடும் அமைப்பில் கோட்டைவிடுகிறார்கள். நின்றதும் ஒரு நிமிடத்தில் மறுபடி முயற்சி செய், எத்தனை தடவை வேண்டுமானாலும் செய் என்று இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நிமிடத்திலும் 15 செக்கன் காற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். எட்டு மணி நேர இரவில் மொத்தம் 2 மணி நேரம் டிரை ரன். சீல் போவதற்கு அது தாராளம். முதல் தடவை நின்ற பிறகு குறைந்தது 20, 30 நிமிடம் காத்திரு, மூன்று தடவை பார், அதற்குப் பிறகு பூட்டிக்கொள், ஆள் வந்து பார்த்து ரீசெட் செய்யட்டும் என்று வையுங்கள். பூட்டிக்கொண்டால் வாட்ச்சருக்குத் தெரிய வேண்டும். டிரைவில் உள்ள ரிலேயிலிருந்து (பழுது வந்தால் தானே மாறும் சுவிட்ச்) வாட்ச்சர் அறைக்கு ஒரு விளக்கும் மணியும் இழுத்தால் போதும்.

உங்களிடம் இரண்டு பம்ப் இருப்பதால் இன்னொன்றும் இருக்கிறது. முதலாவது பம்ப் டிரை ரன்னில் நின்றால், டிரைவ்கள் அதைச் சாதாரணப் பழுதாக எடுத்துக்கொண்டு இரண்டாவதை ஓடவிடும். பம்ப் பழுதானால் அதுதான் சரி. சம்பில் தண்ணீர் இல்லாமல் நின்றிருந்தால், இரண்டாவதையும் அதே நிலைக்குத் தள்ளுவதுதான் நடக்கும். இரண்டு பம்பும் ஒரே உறிஞ்சு குழாயைப் பகிர்ந்தால் இன்னும் மோசம். டிரை ரன் என்றால் மட்டும் இரண்டும் நிற்க வேண்டும் என்று அமைக்கச் சொல்லுங்கள். உங்கள் டிரைவில் அந்தத் தெரிவு இல்லாவிட்டால் ரிலேயை ஒன்றிலிருந்து மற்றதற்கு வயர் இழுத்தும் செய்யலாம்.

மிதவையை எடுத்துவிடாதீர்கள். அது தண்ணீர் தீருவதற்கு முன்பே நிறுத்தும், டிரைவ் காற்றை உணர்ந்த பிறகுதான் நிறுத்தும். இரண்டும் வேண்டும். மிதவையை உறிஞ்சு குழாயின் வாய்க்கு நன்றாக மேலே கட்டுங்கள். அதன் வயரை நேரே டிரைவின் டிஜிட்டல் உள்ளீட்டுக்குக் கொண்டுவாருங்கள், வயர் அறுந்தாலும் பம்ப் நிற்கும்படியான இணைப்பாக இருக்க வேண்டும்.

டிரைவால் காண முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாதிரிப் பம்பில் சீல் இருப்பது தலைப் பகுதியில். உள்ளே கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டால் அது போய் நிற்பதும் அங்கேதான். கீழே உள்ள படிகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும், வாட் சாதாரணமாகத் தெரியும், சீல் மட்டும் காற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவின் வாட் கணக்கால் இதைப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் பம்பின் தலையில் ஒரு காற்றுத் திருகு இருக்கிறது. சம்ப் வற்றிய ஒவ்வொரு தடவையும், மறுபடி ஓடவிடுவதற்கு முன், பம்புக்குள் தண்ணீர் நிரப்பி, அந்தத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் தொடர்ந்து வரும்வரை விட வேண்டும். இரண்டு நிமிட வேலை. வாட்ச்சருக்கு ஒரு தடவை காட்டிக் கொடுங்கள். நிரப்பிய தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வ் ஒழுகுகிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் மேலே சொன்ன எதையும் செய்து பயனில்லை.

இனி மற்றப் பாதுகாப்புகள். எட்டு மாடி என்றால் உயரத்துக்கே கிட்டத்தட்ட 2.5 பார் போய்விடும், மேல் மாடியில் குளிக்க 2 பார் வேண்டும் என்றால் 4.5 பார் வைத்தது நியாயமான அளவுதான். உங்கள் பம்ப் 50 ஹேர்ட்ஸில் வால்வு மூடியபடி 7 பார் கொடுக்கக்கூடியது என்று வையுங்கள். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், யாரும் குழாய் திறக்காதபோது 4.5 பாரைப் பிடித்து வைக்க டிரைவ் 40 ஹேர்ட்ஸில் நிற்கும். அதற்குக் கீழே இறங்கவே இறங்காது, இறங்கினால் அழுத்தம் விழும். இப்போது டிரைவின் உறக்க அமைப்பை, அதாவது யாரும் தண்ணீர் எடுக்காதபோது பம்பைத் தானே நிறுத்திவைப்பதை, பாருங்கள். "30 ஹேர்ட்ஸுக்குக் கீழே வந்தால் உறங்கு" என்று இருந்தால் அது ஒருநாளும் உறங்கப் போவதில்லை. இரவு முழுக்க மூடிய குழாய்களுக்கு எதிராகப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். பம்புக்குள் 5 லீட்டர் தண்ணீர் இருந்தால் 1 கிலோவாட் அதை நிமிடத்துக்கு 3 பாகை அளவுக்குச் சூடாக்கும். சுவர் வழியே கொஞ்சம் வெப்பம் போனாலும், யாரும் குழாயைத் திறக்காத கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு வரும். சீலுக்கு இதுவும் டிரை ரன்னுக்கு அடுத்தபடியான ஆபத்து.

எனவே உறங்கும் வேகத்தை 41 பக்கம் வையுங்கள். இல்லையென்றால் இன்னும் நல்லது, வால்வு மூடி எடுத்த அதே வாட் அளவை வைத்து "ஓட்டம் இல்லை" என்று தீர்மானிக்கும் அமைப்பை இயக்குங்கள். உறங்குவதற்கு முன் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, பம்போடு டயஃபிரம் தாங்கி (உள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறு தாங்கி) இருந்தால் அதை நிரப்பும் வசதியும் உண்டு. தாங்கியின் காற்றழுத்தம் விழித்தெழும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

உறக்கம் சரியாக அமைந்த பிறகு அதுவே உங்களுக்கு ஒரு ஒழுக்குக் காட்டி. இரவு 2 மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது, பம்ப் சில நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து விழித்து உறங்கினால், எங்கோ கொமோட் சிஸ்டர்ன் ஒழுகுகிறது, அல்லது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நொன்-ரிட்டர்ன் வால்வ் பிடிக்கவில்லை. வால்வ்தான் என்றால் பம்ப் நிற்கும்போது தண்டு பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்க்கலாம்.

அழுத்த சென்சர் எந்த வகை என்று பாருங்கள். 4 முதல் 20 மில்லிஅம்பியர் வகையாக இருக்க வேண்டும். பூச்சிய அழுத்தத்திலும் அது 4 மில்லிஅம்பியர் அனுப்பும், எனவே வயர் அறுந்து பூச்சியம் வந்தால் டிரைவுக்கு உடனே தெரியும். 0 முதல் 10 வோல்ட் வகை என்றால் வயர் அறுந்ததும் டிரைவ் "அழுத்தமே இல்லை" என்று நினைத்து 50 ஹேர்ட்ஸுக்கு ஏறும். கீழ் மாடிக்கு 7 பார் போகும். கீசரின் வளையும் ஹோஸ், வொஷிங் மெஷின் ஹோஸ் எல்லாம் வெடிப்பது இப்படித்தான். சரியான சென்சர் இருந்தாலும் "சிக்னல் இழந்தால் நிறுத்து" என்ற தெரிவை இயக்கியிருக்க வேண்டும். அதோடு ஒரு உச்ச அழுத்த எல்லையும் வையுங்கள், 6 பார் போதும்.

எதிர்ப் பக்கம், பைப் உடைந்தால் டிரைவ் முழு வேகத்தில் ஓடும், அழுத்தம் ஏறாது, வாட் அதிகமாக இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே நீடித்தால் நிறுத்து என்று ஒரு அமைப்பு உண்டு. கார் நிறுத்துமிடம் குளமாவதைத் தடுக்கும். ஆனால் நீர்வெட்டுக்குப் பிறகு காலியான பைப்பை நிரப்பும்போதும் இதே அறிகுறிதான் தெரியும். அதற்குப் பைப் நிரப்பும் அமைப்பை இயக்கினால், முதலில் குறைந்த வேகத்தில் மெதுவாக நிரப்பி, அழுத்தம் வந்த பிறகே வழக்கமான ஓட்டத்துக்குப் போகும். காற்றும் தண்ணீரும் மோதிப் பைப் அதிர்கிற சத்தமும் நிற்கும்.

மின்சாரப் பக்கம் சில விஷயங்கள். பம்ப் லைனில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று சிலர் டிரைவின் எர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள், தண்ணீர் நிற்கும் அறையில் அது உயிரைக் குடிக்கும். டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர் எப்போதும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும், வீட்டுக்கான 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று ஃபேஸ் டிரைவுக்குத் தனி லைனும், டிரைவ் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் டைப் பி வகை ட்ரிப் சுவிட்சும்தான் சரியான வழி.

ஜெனரேட்டர் இருக்கும் கட்டடங்களில், 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்திலும் சரி, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருட்டான ஞாயிற்றுக்கிழமையிலும் சரி, பம்ப்கள் ஜெனரேட்டரில்தான் ஓடின. ஜெனரேட்டரின் ஃபேஸ் வரிசை மாறியிருந்தாலும் டிரைவ் வழியே ஓடும் மோட்டர் திசை மாறாது, வெளியே போகும் வரிசையை டிரைவ் தானே உண்டாக்குகிறது. ஆனால் உங்கள் பேனலில் டிரைவைத் தவிர்த்து நேரடியாக ஓடவிடும் பைபாஸ் சுவிட்ச் இருந்தால் கவனம். பைபாஸில் ஃபேஸ் வரிசை பிழைத்தால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீரும் கொஞ்சம் வரும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பைபாஸில் ஓடும்போது இதுவரை நான் எழுதிய பாதுகாப்பு ஒன்றுகூட வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே ஃபேஸ் வரிசை பிழைத்தால் பம்பை நிறுத்தும் ஒரு ஃபேஸ் ரிலேயாவது இருக்க வேண்டும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரக் கட்டடங்களுக்குக் கடல் உப்பு ஒரு தனிப் பிரச்சினை. டிரைவின் ஃபேன் உப்புக் காற்றை இழுத்து போர்டுகளின் மேல் படியவிடுகிறது. போர்டுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு உள்ள மாதிரியை வாங்குவதும், பேனல் கதவில் உள்ள ஃபில்டர் துணியை மாதம் ஒரு தடவை மாற்றுவதும் பலன் தரும். ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிரைவ் எண்ணி வைத்திருக்கும், மாற்றும் நேரம் வந்தால் எச்சரிக்கையும் காட்டும்.

குழாய்க்கிணற்றுக்குள் இறக்கும் பம்ப் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அந்த மோட்டரின் பளு தாங்கும் பேரிங்குக்குத் தண்ணீர்ப் படலம் உருவாக ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பூச்சியத்திலிருந்து 30 ஹேர்ட்ஸுக்கு தயாரிப்பாளரைப் பொறுத்து 1 முதல் 3 செக்கனுக்குள் ஏற்ற வேண்டும், அதற்குக் கீழே ஓடவிடக் கூடாது. கேபிள் நீளமாக இருந்தால் டிரைவின் வெளியீட்டில் ஃபில்டர் போடாமல் விடாதீர்கள். வீடுகளில் உள்ள ஒற்றை ஃபேஸ், கபாசிட்டர் வைத்த 1 குதிரைவலு மோட்டர்களுக்குச் சாதாரண விஎஃப்டி பொருந்தாது.

இப்போது உங்கள் கட்டடத்துக்கே திரும்புவோம். இன்றைக்கே செய்யக்கூடியது, டிரைவின் பழுதுப் பதிவைத் திறந்து பார்ப்பது. கடைசியாக வந்த பழுதுகளை, அந்த நேரத்து ஹேர்ட்ஸ், அம்பியர், வோல்ட்டோடு அது வைத்திருக்கும். முதலில் டிரைவின் கடிகாரம் சரியா என்று பாருங்கள், பல பேனல்களில் வருடமே பிழையாக இருக்கும். பிறகு நீர்வெட்டு நாட்களோடு ஒப்பிடுங்கள். அந்த நாட்களில் ஒரு பதிவும் இல்லாமல், பம்ப் 50 ஹேர்ட்ஸில் ஓடிய நேரம் மட்டும் கூடியிருந்தால், டிரை ரன் பாதுகாப்பு அநேகமாக ஓஃப்தான்.

அமைப்பைச் செய்து தர வருபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எடுத்த எண்கள் எல்லாவற்றையும், அதாவது இரண்டு வேகத்திலும் வால்வு மூடிய வாட், டிரை ரன் எல்லை, தாமதம், காத்திருக்கும் நேரம், உறங்கும் வேகம் ஆகியவற்றை, ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். டிரைவ் மாறும் நாளில் அது இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அடுத்தது, பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். அதற்காகப் பம்பை உண்மையாகக் காற்றில் ஓடவிடக் கூடாது. வெளி வால்வை மூடி, டிரை ரன் எல்லையைத் தற்காலிகமாக மேலே உயர்த்தினால், பத்துச் செக்கனில் நிற்க வேண்டும். இரண்டாவது பம்பும் நிற்கிறதா, வாட்ச்சர் அறையில் மணி அடிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். முடிந்ததும் எல்லை பழைய இடத்துக்கு வந்ததை நீங்களே திரையில் பாருங்கள்.

கழற்றிய பழைய சீல்களில் ஒன்றாவது வீசாமல் இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் அதன் முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய வெடிப்புகளும், கருகி இறுகிய ரப்பரும் இருந்தால் மேலே எழுதிய காரணம்தான். வெடிப்பு இல்லாமல், இசைத்தட்டில் இருப்பது போல வட்ட வட்டமாகக் கீறல் மட்டும் இருந்தால் அது மணலும் துருவும் செய்த வேலை. நீர்வெட்டுக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீரில் அவை அடித்துக்கொண்டு வரும், சம்பின் அடியில் படியும். அந்த நிலையில் டிரைவைத் தொடுவதற்கு முன் சம்பைக் கழுவுங்கள், ஃபுட் வால்வை அடியிலிருந்து ஒரு அடியாவது மேலே தூக்குங்கள், உள்ளே வரும் குழாயில் ஒரு ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) பூட்டுங்கள்.